எண்ணாமல் சுட்ட குண்டு

ஜெனரல் ஹார்லன் ஸ்ட்ரவுட்டைப் பற்றி எங்கள் ஊரில் நல்லவிதமாகத்தான் பேசுவார்கள். ஓக்லஹோமாவில் புழுதிப் புயல் கோதுமையை அழித்த வருஷங்களில் வளர்ந்தவர். அண்ணனும் தானும் ஒரே ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். கணக்கில் புலி, அதனால் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாம் உண்மை, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய பீரங்கிக்கு வெடிமருந்து போட்டவன் நான். எனக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியாது.

கொரியாப் போரில் அவர் எங்கள் கேப்டன். ஒவ்வொரு குண்டுக்கும் ஏழு மருந்துப் பைகள் நூலில் கோத்து வரும். குண்டு கிட்டத்தில் விழவேண்டுமென்றால் சில பைகளை அறுத்து வெளியே போடவேண்டும். சார்ஜெண்ட் அவற்றைக் கையால் தொட்டு எண்ணி, "ரெண்டு வெளியே!" என்று கத்தின பிறகுதான் சுடலாம். எங்கள் சார்ஜெண்ட் லெஸ்டர் புக்கெட் இதில் மகா பிடிவாதக்காரன். "ஜெபம் பண்ண மறந்தாலும் மறப்பேன்டா, இதை மறக்க மாட்டேன்" என்பான்.

அன்று காலை எங்கள் காலாட்படை ஒரு மலைமேல் மாட்டிக்கொண்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் எதிரி. ரேடியோவில் ஒரே கதறல். கேப்டன் ஓடி வந்தார்.

"புக்கெட், எண்ணிக்கிட்டு நிக்காத! அங்க ஆளுங்க சாகுறாங்க, சுடுய்யா!"

"சார், ஒரு நொடி..."

"சுடுன்னு சொன்னேன்!"

சுட்டோம். மூன்றாவது குண்டுக்கு நான் பையை அறுக்கவே இல்லை. அவசரம், நடுக்கம், எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். அது எதிரியைத் தாண்டிப் போய் எங்கள் ஆட்கள் நடுவில் விழுந்தது. நாலு பேர் போய்விட்டார்கள்.

விசாரணையில் கேப்டன், "எண்ணச் சொன்னேன், சார்ஜெண்ட் எண்ணவில்லை" என்றார். என்னையும் கேட்டார்கள். இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை என்றேன். பாவி நான். புக்கெட்டின் பட்டைகளைப் பிடுங்கி, வெறும் சிப்பாயாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஸ்ட்ரவுட் மேஜரானார், கர்னலானார், தோளில் நட்சத்திரம் ஏறியது. அதன்பிறகு அவர் கட்டளையில் எந்தப் பீரங்கியும் எண்ணாமல் சுட்டதில்லை. தானே குனிந்து எண்ணுவார். புக்கெட்டோ தானியக் கிடங்கில் கோதுமை வாரினான், குடித்தான், யாரோடும் பேசாமல் ஆனான்.

இருபத்தாறு வருஷம் கழித்து அவன் நுரையீரல் புற்றுநோயில் படுத்துவிட்டான். அவன் பெண்சாதி ஓப்பல் ஜெனரல் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"போர்லேருந்து வந்த புதுசுல எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னாரு. இப்ப வாயே தொறக்கறதில்ல. கல்லறைக் கல்லுல சார்ஜெண்ட்னு இருக்கணும். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எழுதினார். மெச்சத்தான் வேண்டும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"லெஸ்டர், அன்னைக்கு எண்ண வேணாம்னு நான்தான் சொன்னேன்."

புக்கெட் சிரித்தான். "விடுங்க சார். என்னைத் தேத்தறதுக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்காதீங்க. நீங்க எண்ணத்தான் சொன்னீங்க, இன்னும் என் காதுல கேக்குது. நான்தான் எண்ணல. அந்த நாலு பசங்களும் தெனம் வந்து நிக்கிறானுங்க."

"இல்ல லெஸ்டர்..."

"உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க சார். டெல்பர்ட், நீயே சொல்லேன். சார் எண்ணச் சொன்னாருல்ல?"

நாங்கள் சொன்ன பொய்யை இத்தனை வருஷத்தில் அவனே நம்பிவிட்டான். ஜெனரல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. காகிதத்தை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் புக்கெட்டின் அடக்கம். ஜெனரல் சீருடையில் வந்து விறைப்பாகச் சல்யூட் அடித்தார். ஓப்பல் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"காகிதம் எங்க?"

"அவருகிட்ட கேளு, ஓப்பல்."

"உன்னைத்தான் கேக்கறேன். நீயும் அங்கதானே இருந்த? பையை அறுக்க வேண்டியவன் நீதானே? நீ எழுதிக் குடு."

எழுதித் தருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். பதினோரு வருஷமாகிறது. கல்லில் இன்னும் சிப்பாய் என்றுதான் இருக்கிறது.