மாமா காட்டாத கரடி

எட்டு வயதில் எனக்கு ஒரு கரடி அவசரமாகத் தேவைப்பட்டது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் விடுமுறையில் யால சரணாலயத்துக்குப் போய் ஒரு சிறுத்தையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அந்த ஒற்றைச் சிறுத்தையை வைத்துக்கொண்டு ஒரு பள்ளித் தவணை முழுவதும் எங்களை ஆட்டிவைத்தாள். பதிலுக்குச் சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் போத்தல் தண்ணீரில் வளர்ந்த ஒரு கொடிதான்.

பிள்ளைகள் கொஞ்சம் காடு கரம்பையும் பார்க்கட்டும் என்று அம்மா என்னையும் தம்பியையும் தர்மபுரத்தில் இருந்த மாமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதைப் பற்றி எங்கள் முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை.

மாமா நெல் விதைக்கிறவர், பெரிய பகிடிக்காரர். கிணற்றில் இருக்கிற ஆமைக்குத் தேநீர் கொடுத்தால்தான் தண்ணீர் ஊறும் என்று அவர் சொன்னதை நம்பி, தம்பி இரண்டு நாட்களாகத் தன் தேநீரைக் கிணற்றுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை.

மூன்றாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல். அம்மா அவனோடு நின்றுவிட, மாமா என்னையும் தன் மகளையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பாலைப்பழம் பிடுங்கக் காட்டுக்குப் போனார். மச்சாளுக்கும் என் வயதுதான். காட்டுக்கரையில் இறங்கியதும் எங்கள் உதடுகளில் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டார். பூசாமல் தின்றால் பழத்தின் பால் வாயை ஒட்டவைத்துவிடும்.

கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கப் பாதைக்குக் குறுக்கே இலையோடு முறித்த குழை ஒன்று காய்ந்துபோய்க் கிடந்தது. மாமா பக்கத்து மரத்தில் புதுக்குழை ஒன்றை முறித்து அதன் மேல் போட்டார். குழை குறுக்கே கிடந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மச்சாள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் ஏன் என்று கேட்டேன்.

"அங்காலை கரடி நிக்குது, பிள்ளை."

"நீங்கள் கண்டனீங்களோ மாமா?"

"காணாமலோ சொல்லுறன்? பாலைப்பழக் காலத்திலை அவருக்குச் சரியான கோவம் வரும்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமா சொல்வது உண்மையென்றால் எனக்கு ஒரு கரடி. பொய்யென்றால் மாமாவைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கலாம். இரண்டில் எதுவானாலும் எனக்கு இலாபம்தான்.

மாமா மரத்தில் ஏறிக் கிளையை உலுப்பினார். மச்சாள் கீழே விரித்திருந்த சாக்கில் விழுந்த பழங்களை வாளியில் பொறுக்கினாள். நான் மெதுவாகப் பின்வாங்கி, குழையைத் தூக்கி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, உள்ளே நடந்தேன். பயணத்துக்கென்று அம்மா வாங்கித்தந்த புதுச் செருப்பின் அடியில் பூ வெட்டியிருந்தது. புழுதியில் நான் கால் வைத்த இடமெல்லாம் பூ விழுந்தது. அந்த அழகைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். முப்பது பூவாவது இருக்கும்.

"பிள்ளை, அசையாதை. நிண்ட இடத்திலையே நில். மாமா வாறன்."

மாமாவின் குரல் எப்போதும் வயலின் அடுத்த கரைவரைக்கும் கேட்கும். அன்றைக்கு அது பக்கத்தில் யாரோ நித்திரை கொள்வதுபோலத் தணிந்து வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. கரடி வந்துவிட்டது! தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் அங்குமிங்கும் தேடினேன். மச்சாள் பாதை பிரிகிற இடத்தில் வாளியை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

மாமா வந்த விதம்தான் வேடிக்கை. குனிந்து, என் ஒவ்வொரு பூவையும் தேடித் தேடி, அதன்மேல் மட்டும் தன் வெறுங்காலை வைத்து வந்தார். அந்தப் பெரிய பாதத்தின் கீழே என் சின்னப் பூ ஒவ்வொன்றாக மறைந்துபோனதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"கரடி எங்கை மாமா?"

"கதையாதை."

என்னைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே, வைத்த அடியிலேயே அடி வைத்துத் திரும்பினார். அவருடைய நெஞ்சு என் காதில் இடித்தது. குழை கிடந்த இடத்துக்கு வந்ததும் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ என் கால்களை மடியில் வைத்து, செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் தடவிக்கொண்டே இருந்தார்.

"கரடி போயிட்டுதோ மாமா?"

"ஓம், போயிட்டுது. அம்மாட்டைச் சொல்லாதை, என்ன?"

தான் பயந்தது வெளியே தெரியக்கூடாது என்று மாமா வெட்கப்படுகிறார் என விளங்கிக்கொண்டேன். பெருந்தன்மையோடு அம்மாவிடம் சொல்லவில்லை. வகுப்பில் சொன்னேன். கண்ணில் படாத கரடிக்குப் பயந்து மாமா நடந்த நடையை நடித்தும் காட்டினேன். இடைவேளையில் பிள்ளைகள் எல்லோரும் மாமாவைப்போல நடந்தார்கள். சிறுத்தைக்காரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினைந்து வயதில், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மச்சாளுக்கும் அதையே நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு இன்னும் தெரியாதோ? அங்காலை அப்ப மிதிவெடி எடுக்கேல்லையடி. பிள்ளையள் பயப்பிடுங்கள், உதொண்டும் சொல்லவேண்டாமெண்டு மாமிதான் அப்பாட்டைச் சொன்னவ."

மாமி என்றால் என் அம்மா. நடித்துக் காட்டத் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றேன்.

இப்போது அந்த இடத்தைத் துப்புரவாக்கிவிட்டார்கள். யாரோ மிளகாய் நட்டிருக்கிறார்கள். போன பாலைப்பழக் காலத்தில் நானும் மாமாவும் அதற்குள்ளால் நடந்து போனோம். எட்டு வயதுப் பிள்ளையைத் தாங்கிய மண் வளர்ந்த ஓர் ஆளின் பாரத்தையும் தாங்கும் என்று, நான் கரடி தேடிப் போன அன்றைக்கு, அவருக்கு யாரும் உறுதி சொல்லியிருக்கவில்லை. அவருடைய பாதம் என் பூவைவிட எவ்வளவோ பெரியது. அதைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன்.