நாலாம் நம்பர் சிஸ்டத்தில் ஒரு வெள்ளாமை

நூர்ஜகான் அக்கா இறந்துவிட்டார். இன்று காலையில்... விருதுநகரில், அவருடைய வீட்டிலேயே.

வத்தல் மண்டிக் குடும்பத்துப் பெண். பிரவுசிங் சென்டர்தான் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று வைத்தவர். காலேஜ் படித்த காலத்தில் நானும் என் செட்டும் அங்கேதான் பழியாய்க் கிடந்தோம்.

மொத்தம் ஆறு சிஸ்டம். ஞாயிற்றுக்கிழமை ஆறிலும் நாங்கள்தான். ஆறையும் லேன் ஒயரில் இணைத்து, கேமில் ஒருத்தனை ஒருத்தன் சுட்டுத் தள்ளுவோம்.

செய்தி வந்து அரை மணி நேரம் ஆகவில்லை. எங்கள் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் எழுதுகிறான்: "ஆழ்ந்த இரங்கல். ஆனா நம்ம ஊர்ல உண்மையான கேமிங்குக்குக் கொள்ளி வச்சதும் அக்காதான்." கூடவே சிரிக்கிற பொம்மை இரண்டு.

குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே சொல்ல வேண்டியதை இங்கே, எல்லாரும் பார்க்கிற மாதிரியே சொல்கிறேன்.

2009 வாக்கில் ஃபேஸ்புக்கில் விவசாய கேம் வந்தது. உழ வேண்டும், விதைக்க வேண்டும், விளைந்தால் அறுக்க வேண்டும்... அவ்வளவுதான் கேம்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்த நேரம். ஏதோ விண்ணப்பம் நிரப்ப எங்கள் கிராமமான ஆமத்தூரிலிருந்து வந்த நாலைந்து பெண்கள், அக்கா அதை விளையாடுவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அதில் செல்லத்தாயை எனக்கு நன்றாகத் தெரியும். அவரும் அவருடைய அம்மாவும் எங்கள் மிளகாய்க் காட்டில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். பிறகுதான் பட்டாசுக்குப் போனார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனால் நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அப்படித்தான் வளர்ந்திருந்தேன்.

முதல் தடவை எல்லாரும் விதைத்துவிட்டுப் போய், ஒரு வாரம் கழித்து வந்தார்கள். மொத்தமும் கருகிக் கிடந்தது.

"ஒரு நாள்ல வெளஞ்சு மறுநாள் கருகுற வெள்ளாமைய எங்கனயாச்சும் பாத்திருக்கீகளா?" செல்லத்தாய் கம்ப்யூட்டரோடு சண்டைக்கே போய்விட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. கம்பெனி திறந்துவிட்டால் இவர்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அதனால் ஒவ்வொரு பயிராகப் போட்டுப் பார்த்து, ஞாயிறு விதைத்தால் அடுத்த ஞாயிறு வரை கருகாமல் நிற்பது தர்பூசணிதான் என்று கண்டுபிடித்தார்.

பெரிய கேமர் என்று பீற்றிக்கொண்ட எங்களில் ஒருவன்கூட ஒரு கேமை அப்படி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்ததில்லை.

ஆனால் ஞாயிறு எங்களுடையது ஆயிற்றே...

"இதெல்லாம் கேமே இல்லக்கா. எங்க மேட்ச் என்னாகுறது?" என்று எகிறினேன்.

"ஆறுல மூணு அவுகளுக்கு. இஷ்டம்னா வாங்க, இல்லாட்டி வேற சென்டர் பாத்துக்கங்கலே." என்னுடைய நாலாம் நம்பர் சிஸ்டத்தைச் செல்லத்தாய்க்குக் கொடுத்துவிட்டார்.

கேமிங் கெட்டுப்போனது உண்மைதான். இன்றைக்கு எதைத் திறந்தாலும் நாலு பேரைக் கூப்பிடு, காசைக் கட்டு என்று நச்சரிக்கிறது. அதற்கு அதைச் செய்து விற்கிறவனைத் திட்டுங்கள். அக்காவை இழுத்துக்கொண்டு கமெண்டில் யாராவது வந்தால்... பிளாக்தான். சொல்லிவிட்டேன்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிறு. செல்லத்தாயின் தர்பூசணி விளைந்து நிற்கிறது. மணி பன்னிரண்டு. "எமகண்டத்துல அறுப்பு வைக்கக் கூடாதுக்கா. ஒன்றரைக்கு மேல வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கடைவீதிக்குப் போய்விட்டார். அக்கா அந்த நாற்காலியில் ஒரு ஒயர் கூடையை வைத்து இடம் பிடித்துவிட்டு, மதியத் தொழுகைக்கு, லுஹருக்கு, வீட்டுக்குள் போனார்.

என் சிஸ்டம் சும்மா கிடக்கிறது. எமகண்டத்துக்காக!

கூடையைத் தூக்கிக் கீழே வைத்தேன். ஸ்கிரீனில் செல்லத்தாயின் பெயர் போட்ட வயல் திறந்தே இருந்தது. டெலிட்டை அமுக்கி, ஒவ்வொரு கட்டமாக... முழு வெள்ளாமையையும் அழித்தேன். என் செட்டு கைதட்டியது.

செல்லத்தாய் வந்து பார்த்தார். ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எம்பேருல இருந்துச்சேக்கா..." என்று மட்டும் சொன்னார்.

அக்கா போய் மெயின் ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "எவன்லே?"

"நான்தான்க்கா... வெறும் கேம்தானக்கா."

"நேத்து வரைக்கும் கேமே இல்லன்னு சொன்ன?" என்று நாற்காலியைக் காட்டினார் அக்கா. "உக்காரு. எம்புட்டு அழிச்சியோ அம்புட்டையும் நீயே உழுது வெதச்சுட்டு எந்திரி. இல்லாட்டி இந்த வாசப்படிய மிதிக்காத."

உட்கார்ந்தேன். செட்டு மொத்தமும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

செல்லத்தாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த மூலைல ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க தம்பி" என்று தயங்கித்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தயக்கம் போய்விட்டது. எங்கள் காட்டில் என் அப்பா அவரை வேலை வாங்கிய அதே தோரணையில் என்னை வேலை வாங்கினார்.

கடைசிக் கட்டத்தையும் விதைத்தேன். செல்லத்தாய் வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"சரி, எந்திரி" என்றார் செல்லத்தாய். "வர்ற ஞாயித்துக்கிழம அறுப்புக்கு வந்துரு."

போனேன்.

அடக்கம் இன்று சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு. ஆமத்தூரில் செல்லத்தாய் அக்காவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா.