மழைமானியில் தண்ணீர்

கோவில்பட்டிக்கு வந்திருந்த அறிவியல் வரலாற்றுக் கண்காட்சியில், வழிகாட்டிப் பெண் பழைய மழைமானிக்குள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். அந்தச் சத்தம் என்னை எங்கள் கரிசல்காட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டது.

ஊர் மழைமானியைப் பார்த்துச் சொல்லும் வேலை அப்பாவுக்கு. மழையே இல்லாத அந்த வருஷம், தினமும் காலையில் திறந்து பார்த்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து உட்காருவார். ஒருநாள் உள்ளே தண்ணீர் கிடந்தது. சுற்றியிருந்த மண்ணோ வெடித்துக் காய்ந்து கிடந்தது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நாளாச்சும் ஒங்க மொகம் தெளியட்டும்னு நாந்தான் ஊத்துனேன்" என்றாள் அம்மா.

அப்பா சொட்டுச் சிந்தாமல் அதைக் குடத்தில் திருப்பி ஊற்றினார். குடிக்க வீட்டில் இருந்ததே அந்தக் குடம்தான்.

செய்துகாட்டி முடித்த பெண், மழைமானியை வாசல் பக்கம் எடுத்துப் போனாள்.

"கொட்டிராத தாயி!" என்று கத்திவிட்டேன்.

அதற்குள் கொட்டிவிட்டாள்.