மொட்டைமாடிக்கு வந்த பரிசுத்த ஆவி

ஞானோபதேச வகுப்பில் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளியது ஒரு புறாதான். பரிசுத்த ஆவி ஏன் வெள்ளைப் புறாவாகவே வருகிறது, ராயபுரத்தில் நான் பார்க்கிற புறாவெல்லாம் சாம்பலும் தவிட்டு நிறமுமாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டேன். "உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார் சிஸ்டர். ஜாஸ்திதான், இன்றும் குறையவில்லை.

புறா விஷயத்தில் நான் நம்பியது நைனாவை மட்டும். ஹார்பரில் கிரேன் ஓட்டிய அவர், வேலை முடிந்து வந்ததும் மொட்டைமாடி ஏறிவிடுவார். கூண்டில் இருபத்திரண்டு புறாக்கள். சாயங்காலம் அவை இறங்க இறங்க, "ஒண்ணு, ரெண்டு" என்று தெருவுக்கே கேட்கும்படி எண்ணுவார். "இருபத்திரெண்டு" என்ற சத்தம் கேட்டால்தான் கீழே அம்மா தட்டு வைப்பாள்.

ஹார்பர் கிடங்குகளில் சிந்திய கோதுமையைத் தின்று கொழுத்தது மாடப்புறா. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் கழுத்துப் புள்ளிகளோடு நடை பழகுவது மணிப்புறா. அதைவிடச் சின்னது, யாரோ அடக்கிச் சிரிப்பதுபோலக் கூவுவது, தவிட்டுப்புறா. நாலு குச்சியைப் போட்டுவிட்டு அதைக் கூடு என்று சொல்லிக்கொள்ளும். இதெல்லாம் நைனா காட்டியவை.

புறாவுக்கு அர்த்தம் சொல்ல ஆளுக்கு ஆள் இருந்தார்கள். பாலன் இயேசுவைக் கோயிலுக்குத் தூக்கிப்போனபோது மாதா கொடுத்த ஏழைக் காணிக்கை என்பாள் அம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக்கடை வைத்திருந்தவர்கள், புறா கூடு கட்டினால் குடும்பம் பாழாகும் என்று மீட்டர் பெட்டிமேல் இருந்ததைக் கலைத்துப் போடுவார்கள். சினிமாக் கொட்டகை நியூஸ்ரீலில் தலைவர்கள் அதையே சமாதானத்துக்காகப் பறக்கவிட்டார்கள். ஒரே பறவை எப்படி இத்தனை வேலை பார்க்கிறது என்று எனக்குத் தீராத ஆச்சரியம்.

ஒரு வருஷம் பரிசுத்த ஆவி திருநாளன்று பூசை முடிந்ததும் வெள்ளைப்புறா விடவேண்டும் என்று பங்குச் சாமியார் ஆசைப்பட்டு, நைனாவைக் கேட்டார். எங்களிடம் இருந்த ஒரே வெள்ளை, ஓமர். எங்கே கொண்டுபோய் விட்டாலும் கூண்டுக்கே திரும்புகிற ஜாதி.

"குட்த்த மாதிரியும் இருக்கும், கொறையவும் கொறையாது" என்று நைனா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு திடீரென்று பேய்க்காற்று அடித்தது. பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் போன கட்டுமரம் கரை சேரவில்லை. எண்ணூர் வரை தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

திருநாளன்று கோயில் வாசலில் சாமியார் புறாவை விட்டார். அது மணிக்கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மோட்சத்தை மறந்து எங்கள் தெருவுக்குத் திரும்பியது. ஜனங்கள் அண்ணாந்தபடியே பின்னால் ஓடினார்கள். எங்கள் மொட்டைமாடியில் அது இறங்கியதும் தெருவில் பாதிப்பேர் முழந்தாளிட்டுவிட்டார்கள். நைனா திருதிருவென்று விழித்தார்.

அக்கா மட்டும் இடுப்பில் குழந்தையோடு மாடியேறி வந்தாள். "இது இன்னாத்துக்கு இங்க வந்துச்சு?" என்று கேட்டாள்.

நைனா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

"இது ஓமர்க்கா. நெல்லூர்ல வுட்டாலும் வூட்டுக்கு வந்தே தீரும்."

"கடலு மேல வுட்டா?"

"கடலு மேல வுட்டாலும்தான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புறாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நைனா தலைகுனிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து புறா இறங்குகிற நேரத்துக்கு அக்கா எங்கள் மாடிக்கு வர ஆரம்பித்தாள். நைனா எண்ணுவார், அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் கழித்து, அவள் இறங்கிப்போன பிறகு, நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஓமரு எல்லாமே திரும்பி வந்துடுமா நைனா?"

"காத்துல மாட்னது வராது."

"அத்த ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ சொல்லிட்டியே. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தப்புறம் நான் இன்னான்னு சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. சிஸ்டர் சொன்னபோதுகூட என் வாய்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

அந்தக் கட்டுமரம் வரவேயில்லை. அக்கா மட்டும் மழைக்காலம் வரை வந்துகொண்டிருந்தாள். புறா வளர்க்கிறவர் எண்ணாமல் இருக்க முடியாது, நைனாவும் எண்ணினார். ஆனால் அவள் எதிரில் உதடு மட்டும்தான் அசைந்தது. சத்தம் கேட்காததால் அம்மா எப்போது தட்டு வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். எத்தனை வந்தது என்று நானும் கேட்கவில்லை.