முருகர் கொடுத்த ஆதாரம்

நோய்க்கணக்கு சேகரிக்கிற உத்தியோகத்தில் நோயைக் கண்டுபிடிப்பது சுலபம். கணக்கைக் கண்டுபிடிப்பதற்குள் நமக்கே காய்ச்சல் வந்துவிடும். இந்தப் பிழைப்பில் என்னைப்போல் லோல்பட்ட அன்பர்களே, கேளுங்கள். தொண்ணூறுகளில், கல்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் முங்கித்தான் போகும். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. மீன் விற்கிற அஞ்சலையின் மகன் பிழைத்ததே பெரும்பாடு. குழாயை மாற்றச் சொன்னால், அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். ஆராய்ச்சி உதவியாளனான நான் அதைத் தேடிப் புறப்பட்டேன்.

முன்யோசனை

செங்கல்பட்டில் ஒரு சுகாதார ஆபீஸ். வயிற்றுப்போக்கு ரெஜிஸ்டரைப் புரட்டினால் அந்தக் குப்பத்துக்கு நெடுகப் பூஜ்ஜியம். அடப்பாவிகளா! இன்னும் பிறக்காத அடுத்த மாதத்துக்கும் பூஜ்ஜியம் போட்டிருந்தது. என்ன இது என்றேன். கிளார்க் சாவகாசமாகச் சொன்னார்:

"மாசக் கடைசில ரிப்போர்ட் எங்கன்னு பேஜாரு பண்றாங்க சார். அதான் முன்னாலயே போட்டு வெச்சிகினேன்."

சமையலறைப் புதையல்

குப்பத்து நர்ஸம்மாவைப் பிடித்தேன். வயிற்றுப்போக்கு என்று எழுதி அனுப்பினால் அவருக்குத்தான் மெமோ வருமாம். அதனால் அவரும் பூஜ்ஜியமே அனுப்பியிருக்கிறார். ஆனால் மனசு கேட்கவில்லை. எந்தத் தேதியில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு வயிறு போனது என்று சமையலறைக் காலண்டரின் கட்டங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஆணியிலிருந்து கழற்றினார்.

"எட்துகினு போங்க சார், என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. அப்பறம், மேல கீற முருகர் படத்தக் கிழிச்சிடாதீங்க, பிரேம் போடணும்."

ஒரிஜினல்

ஜெராக்ஸ் செல்லாது, ஒரிஜினல் வேண்டும் என்றார் பெரிய அதிகாரி. சுருட்டி வைத்திருந்த காலண்டரை மேஜையில் விரித்தேன். முருகரையும் என்னையும் மாறி மாறி முறைத்தார். கட்டங்களைப் படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. எழுதினது யாரென்று மூன்று முறை கேட்டார். பேர் சொல்வதற்கில்லை என்றேன். கடைசியில் ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

"சரிய்யா, தகவல் தந்தவர் முருகன்னே எழுதிக்கறேன். யாரு வந்து விசாரிக்கப்போறான்?"

ஒரு சொம்புத் தண்ணீர்

குழாய் மாறிய பிறகு மறுபடி கணக்கெடுக்கப் போனேன். வீடு வீடாகக் கேட்டும் ஒரு வயிற்றுப்போக்குகூடக் கிடைக்கவில்லை. அஞ்சலை சொம்பு நிறையத் தண்ணீர் நீட்டினாள். பழக்கதோஷம், கை தயங்கியது. அவளுக்கு வந்ததே கோபம்!

"இன்னாய்யா பாக்கற, குடி. என் புள்ள டெய்லி இதத்தான் குட்ச்சிகினு கீறான்."

முன்யோசனைக்கார கிளார்க் சும்மா போட்டு வைத்த பூஜ்ஜியத்தை நிஜமாக்க ஒரு நர்ஸம்மாவும் முருகரும் சேர்ந்து பாடுபட வேண்டியிருந்தது, நான் வெறும் எடுபிடி.