அவரின் கோல்ப் மட்டைகளுக்கு ஒரு பை

பச்சை என்றால் எனக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சவளக்கடை வயல்தான். அதனால் என் கணவர் கட்டாரிலிருந்து தொலைபேசியில் கோல்ப் மைதானத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், வரம்பும் தண்ணீரும் இல்லாத ஒரு வயலைத்தான் நினைத்துக்கொள்வேன். அங்கே புல் வெட்டுவது அவருடைய வேலை. வீட்டில் ஒரு கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாத மனுஷன் பாலைவனத்தில் புல் வளர்த்துக்கொண்டிருந்தார். நல்ல பகிடிதான். ஆனாலும் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுச் சற்றுக் கண்ணயரும்போது அந்தப் பச்சை எனக்குள் வந்து விரியும். அதில் அவர் நடந்து போய்க்கொண்டிருப்பார். முதுகு மட்டும் தெரியும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அன்றைக்கு அவர் அழைத்தால் ஏதாவது சாட்டு வைத்துச் சண்டை பிடிப்பேன். பாவம், அவருக்குக் காரணமே தெரியாது.

எங்கள் ஒரே மகள் அவர் பக்கத்தில் இல்லாமல்தான் வளர்ந்தாள். அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது அவள் கலியாணம் முடித்து மெல்பேர்ணுக்குப் போய்விட்டாள். அவர் கொண்டுவந்ததில் முக்கியமானது, தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போன கோல்ப் மட்டைகள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனைக் கடற்கரையில், தோணிகளுக்கு அப்பால் தனியாக நின்று பந்தடிப்பார். பார்த்துச் சிரிக்காத ஆளில்லை.

போன வருடம் மகள் எங்கள் இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மைதானம் இருக்கிறதாம். "மட்டையையும் கொண்டு வாங்க வாப்பா. நீங்க அடிங்க, நான் கூட நடக்கன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக மனுஷன் சோறு தண்ணியையும் மறந்தார். மகள் நடை பழகியதைப் பார்க்காதவர், இப்போது அவளோடு நடக்கப் போகிறார். விமானத்தில் ஒரு மட்டை வளைந்துபோனாலும் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்தார்.

எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி எடுப்பித்தார். அது வந்தபோது அவர் பகல் லுஹர் தொழப் போயிருந்தார். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பேர் நீளமான கறுத்தப் பெட்டி ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். முன்வீட்டுப் பெண் வெளியே வந்து, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். எங்கள் ஊர்களில் எத்தனையோ வாசல்களுக்கு வெளிநாட்டிலிருந்து அப்படிப் பெட்டி வந்திருக்கிறது. என் மனுஷன் இரண்டு ஒழுங்கை தள்ளிப் பள்ளியில் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் படியில் குந்திவிட்டேன்.

அவர் வந்து, பூட்டுகளைத் திறந்து திறந்து காட்டினார். மேலே யானை ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாதாம். துணிப் பை என்றால் தூக்கி எறிந்துவிடுவார்களாம். ஒரு கரண்டி காணாமல் போனால் ஊரையே கூட்டுகிற நான் அன்றைக்கு மெல்லத்தான் சொன்னேன்.

"நீங்க அங்க இருந்த காலம் பூரா, இப்பிடிப் பெட்டி ஒண்டு வாசலுக்கு வந்திருமோ எண்டு பயந்துதான் கிடந்தன். இதக் கொண்டு போங்க."

அவர் பூட்டுகளை ஒவ்வொன்றாக மூடினார். அன்று மாலையே பெட்டி திரும்பிப் போனது.

அறுகம்பேக் கடற்கரையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் தங்குமிடம் நடத்துகிறார். அலையில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கள் பலகைகளைக் கொண்டுவரும் பைகளைச் சில நேரம் விட்டுவிட்டுப் போவார்களாம். அப்படியொரு பை பார்க்கப் போன பொத்துவில் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். வயலும் வாவியும் அரைத்தூக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் அவர் மெல்லச் சொன்னார்.

"அங்க எங்கட அறையில இருந்த ஒருவர்ர பெட்டிய நானும் பிடிச்சித்தான் ஏத்தின. உனக்குச் சொல்லல்ல."

இத்தனை வருடமும் ஒரே பயத்தை ஆளுக்கொரு கரையில் இருந்து சுமந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தங்குமிடத்துக் கொட்டிலில் பைகள் தொங்கின. ஒன்று மெல்லிசு, ஒன்றுக்குச் சிப் பழுது. வெளியே வெள்ளி நிறமும் உள்ளே தடித்த பஞ்சும் தோளில் போட வாருமாக ஒன்று இருந்தது. தூக்கிப் பார்த்தேன். நடுவில் மடிந்து விழுந்தது. மடிகிறதே என்று அவர் முகம் சுருங்கியது. மடிவதால்தான் எனக்கு அது பிடித்தது.

வாசல் கூட்டுகிற தும்புத்தடிக் கம்பொன்றை மட்டைகளைவிட நீளமாக வெட்டி நடுவில் வைத்தேன், எந்த இடியையும் முதலில் அது வாங்கட்டும் என்று. மருமகனுக்கு வாங்கிய மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை மட்டைத் தலைகளில் சுற்றினேன். மண் இருந்தால் அங்கே விடமாட்டார்கள் என்று மகள் சொன்னதால், அவர் பழைய பற்தூரிகையால் கடற்கரை மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மெல்பேர்ணில் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. எனக்கு எல்லாமே கனவில் நடப்பது போலிருந்தது. நீளமான சாமான்கள் வரும் கதவு திறந்தது. வெள்ளிப் பை வந்தது. அவர் அங்கேயே குந்தி, சிப்பைத் திறந்து ஒவ்வொரு மட்டையாகத் தடவிப் பார்த்தார். ஒன்றும் வளையவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மகள் நிற்கும் பக்கம் வேகமாக நடந்தார். எனக்கு அந்த முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் நின்று, திரும்பிப் பார்த்து, நான் வந்து சேரும்வரைக்கும் அங்கேயே நின்றார்.