பாரூக் மாமா ஓட்டிய புதூர் வண்டி

பாரூக் மாமா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியார் பஸ். கோவில்பட்டியில் கிளம்பி எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர். வாழ்நாளெல்லாம் அதே ரோடு. எந்தப் பள்ளத்தில் விழுந்தால் பின்சீட்டுக்காரர் எவ்வளவு உயரம் எழும்புவார் என்பதுவரை அவருக்குத் தெரியும். ஆனால் ஒருநாள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. டிரைவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி தொட விட்டதில்லை.

"ஓட்டுததுக்கு நானு. ஊதுததுக்கு நீரு" என்பார் அண்ணாச்சி.

ஓய்வு பெற்ற பிறகு மாமா ஓட்ட ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளேயே.

மகள் ஆஷிகா படிப்பதற்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அவள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் அதில் ஒரு பஸ் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஏதோ வெளிநாடு, வாயில் நுழையாத ஊர்கள். மாமா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. முதலில் வரும் பெட்ரோல் பங்க் எட்டயபுரம். பாலம் தாண்டினால் விளாத்திகுளம். கடைசியில் நிற்கும் மஞ்சள் கட்டடம் புதூர். கம்ப்யூட்டர் திணறக் கூடாதே என்று படத்தின் தரத்தை நான் அடிமட்டத்தில் வைத்திருந்தேன். மரம் வராது, புல் வராது. ரெண்டு பக்கமும் கறுத்த வெட்டவெளி, அங்கங்கே ஒரு குச்சி.

"பாத்தியாட்டி சனா, அப்படியே நம்ம கரிசக்காடு!" என்று மாமா பூரித்துப்போவார்.

அமுக்குவது அம்புக்குறி விசையைத்தான். ஆனால் திருப்பம் வந்தால் நாற்காலியோடு சேர்ந்து சாய்வார். தௌலத் பேகம் மாமி ஓடிவந்து தண்ணீர்ச் சொம்பைத் தூக்கித் தள்ளி வைப்பார்.

இதில் ஒரே ஒரு குறை. ஒவ்வொரு திருப்பத்திலும் படம் அப்படியே உறைந்துவிடும். மறுபடி அசையும்போது பஸ் யார் வீட்டுச் சுவரிலாவது பாதி நுழைந்து நிற்கும்.

அப்படியும் டீக்கடையில் மாமா வாயை விட்டுவிட்டார். "நானும் புதூர் ட்ரிப் ஓட்டிக்கிட்டுத்தான இருக்கேன்!"

வன்னியபெருமாள் அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்தார். "அப்படியா வேய்? ஞாயித்துக்கெழம சாயங்காலம் உம்ம கம்ப்யூட்டர் வண்டியில நான் ஏறுதேன். ஒரு கீறல் இல்லாம புதூர் போய்ச் சேந்துட்டா, நீரும் டிரைவர்தான்னு நானே சொல்லுதேன். எங்கயாச்சும் முட்டினீரு, பஸ் ஸ்டாண்டு பூரா சொல்லிச் சிரிப்பேன்."

மாமா நேராக என்னிடம் வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. "ஏட்டி, எஞ்சின மாத்தணும்."

எனக்குக் கை பரபரவென்று வந்துவிட்டது. படத்தை வேகமாக வரைந்து தள்ளுவதற்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது குடிக்கிற கரண்டைப் பழைய பவர் சப்ளையால் கொடுக்க முடியாது, அதையும் மாற்ற வேண்டும். மதுரையில் இருக்கும் என் தோழி கழற்றி வைத்திருந்த கார்டைக் கொடுத்தாள். பவர் சப்ளை புதிது.

ஞாயிறு காலையில் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினேன். உள்ளே தூசி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது கடலை மிட்டாய்க் காகிதம். கொத்துக் கொத்தாக! பின்பக்கம் மூடி இல்லாத ஒரு ஓட்டை வழியாக யாரோ பொறுமையாகச் செருகியிருக்கிறார்கள்.

மாமி எட்டிப் பார்த்தார். "சுகர்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து மிட்டாயத் தொடவே இல்லன்னு சொன்னீயளே?"

"எலி கொண்டாந்து போட்டிருக்கும்."

"ரூவா நோட்ட மடிக்கிற மாதிரி எலி நீளவாக்குல மடிச்சா வைக்கும்? நீங்க கண்டக்டரா, எலி கண்டக்டரா?"

மாமா சட்டென்று ஸ்குரூடிரைவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

பழைய பவர் சப்ளையைக் கழற்றி, புதியதைத் திருகி, கார்டைச் செருகி, அதற்கென்று உள்ள வயரையும் மறக்காமல் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்தால், திரைக்குப் போகும் கேபிளைப் பழைய ஓட்டையிலேயே விட்டிருக்கிறேன்! இனிமேல் படம் வருவது புதுக் கார்டிலிருந்து.

"புது வண்டி அங்கன நிக்கு, நீ சனத்தப் பழைய ஸ்டாப்புலயே நிறுத்தி வச்சிருக்க" என்றார் மாமா.

மாற்றினேன். திரை பளிச்சென்று வந்தது. தரத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்ன ஒரு அழகு! ரோட்டோரமெல்லாம் மரம், முழங்கால் உயரப் புல், ஓடை, கொழுத்த மாடு. மேலே மழை வேறு!

மாமா வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டார்.

"இது எந்த ஊருட்டி?"

"அதே ரூட்டுதான் மாமா."

"எட்டயபுரம் எங்க?"

பெட்ரோல் பங்க் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மாமா அதைத் தாண்டிப் போய், தப்பான ரோட்டில் திரும்பி, ஒரு ஆற்றங்கரையில் முட்டிக்கொண்டு நின்றார். "விளாத்திகுளத்துல இம்புட்டுத் தண்ணி ஏது? எனக்கு வழி தெரியலியே" என்று விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாயங்காலம் அண்ணாச்சி வந்துவிடுவார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். மரம், பூஜ்யம். புல், பூஜ்யம். ஓடை, மழை எல்லாம் போச்சு. ஆசை ஆசையாக மாட்டிய கார்டின் அழகையெல்லாம் என் கையாலேயே அழித்தேன். கரிசல்காடு திரும்பி வந்தது. ஆனால் இப்போது திருப்பத்தில் படம் உறையவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

"ஆங், இதான் ரோடு" என்றார் மாமா.

அண்ணாச்சி வந்து பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி, சட்டையில் துடைத்து அவரிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குவே?"

"ஓட்டுததுக்கு நானு அண்ணாச்சி. ஊதுததுக்கு நீங்க."

அண்ணாச்சி முறைத்தார். பிறகு ரெண்டு விசில் ஊதினார். வண்டி கிளம்பியது.

எட்டயபுரம் நன்றாகவே போனது. விளாத்திகுளத்தில் ஆட்கள் ஏறி முடித்தும் வண்டி அசையவில்லை. அண்ணாச்சி ரோட்டையே பார்த்தபடி, தரையில் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிக்கு?"

"விசில் வரலியே."

அவசரமாக ஒன்று ஊதினார்.

"ஒத்த விசில்னா நிறுத்தணும் அண்ணாச்சி."

"அட, ரெண்டுவே, ரெண்டு!" பதற்றத்தில் நாலு ஊதிவிட்டார். "ரோட்டப் பாக்கவா, ஏறுதவனப் பாக்கவா? எப்படிவே இத்தன வருசம் ஊதினீரு?"

கடைசித் திருப்பம் வந்துகொண்டிருந்தது. மாமா நாற்காலியோடு சாய்ந்தார். அண்ணாச்சியும் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். மாமி சொம்போடு சாய்ந்தார். மஞ்சள் கட்டடத்தின் முன்னால், ஒரு கீறல் இல்லாமல், பூப்போல வண்டி நின்றது.

"புதூர், எல்லாம் எறங்கு" என்றார் மாமா மெல்ல.

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. "டிரைவரே, ரிட்டன் எப்ப எடுக்கீரு?" என்றார்.

டிரைவரே! மாமா திரும்பிப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமியும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ரிட்டனுக்கு நானும் வாரேன். எட்டயபுரத்துல எறக்கி விடுங்க."

அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுத்தார். "உள்ள ஏறிப் போம்மா, படியில நிக்காத!"